மறுக்கப்பட்ட விண்ணப்பமும் பக்கத்தில் நிற்கும் ஆளும்

அமெரிக்காவின் வலுவிழப்புக் கொடுப்பனவுப் பிரதிநிதிகளும் அவர்களது வருடாந்த மாநாடும்

உரிமை ஒன்று சட்டத்தில் எழுதப்பட்டவுடன் அது உரியவரின் கைக்குத் தானாகவே வந்து சேர்ந்துவிடும் என்று பலரும் எண்ணுகின்றனர். கிராமங்களில் பணி செய்வோருக்கு உண்மை தெரியும். படிவம் எங்கே கிடைக்கும், எந்த வைத்தியரின் கையொப்பம் வேண்டும், எத்தனையாந் திகதிக்கு முன் கொடுக்க வேண்டும், மறுத்தால் யாரிடம் போவது என்ற கேள்விகளுக்கு விடை தெரியாமல் இடையிலேயே கைவிட்டுவிட்ட குடும்பங்கள் அநேகம். செல்வந்த நாடென நாம் கருதும் ஐக்கிய அமெரிக்காவிலும் நிலைமை பெரிதும் வேறல்ல. அங்கே இந்த இடைவெளியை நிரப்புவதற்கென்றே ஒரு தொழில் உருவாகியுள்ளது. அத்தொழிலைச் செய்வோர் தமக்கெனச் சங்கங்கள் அமைத்து, வருடந்தோறும் மாநாடு கூட்டி வருகின்றனர். அவர்களுடைய அனுபவத்தில் நாம் பின்பற்றத் தக்கவையும் உண்டு; எச்சரிக்கையாகக் கொள்ளத் தக்கவையும் உண்டு.

இரண்டு திட்டங்கள்

1935 ஓகஸ்ட் 14இல் ஜனாதிபதி பிராங்ளின் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் முதியோருக்கான ஓய்வூதியம் இருந்தது. உடல் வலுவிழந்து வேலை செய்ய முடியாமற்போன தொழிலாளிக்கு அதில் இடமிருக்கவில்லை. அந்த இடம் கிடைக்க மேலும் 21 வருடங்கள் சென்றன. 1956இல் ஜனாதிபதி ஐசனோவரின் காலத்தில் வலுவிழப்புக் காப்புறுதி சேர்க்கப்பட்டபோதும், 50 வயதை எட்டியவர்களுக்கு மட்டுமே அது கிடைத்தது. 1960இல் இந்த வயதெல்லை நீக்கப்பட்டது. வேலை செய்த காலத்தில் தமது உழைப்பிலிருந்து வரி செலுத்தியவர்களுக்கே இத்திட்டம் உரியது. 

போதிய காலம் தொழில் செய்யாத ஏழைகள், வலுவிழந்த பிள்ளைகள், வறிய முதியோர் ஆகியோருக்காக 1972இல் வேறொரு திட்டம் சட்டமாக்கப்பட்டு, 1974 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. குறைநிரப்பு வருமானம் என்று இதனைச் சொல்லலாம். 2025இல் இத்திட்டத்தின் கீழ் மத்திய அரசு ஒரு தனிநபருக்கு வழங்கிய உச்சத்தொகை மாதம் 967 டொலர். சேமிப்பும் ஏனைய உடைமைகளுமாக 2,000 டொலருக்கு மேல் வைத்திருந்தால் இந்த உதவி நின்றுவிடும். குடியிருக்கும் வீடு இக்கணக்கில் சேராது. ஆனால் 1989இல் நிர்ணயிக்கப்பட்ட அந்த 2,000 டொலர் எல்லை, விலைவாசி எவ்வளவோ ஏறிய பின்னரும், 2025 வரை உயர்த்தப்படவில்லை. கூரை திருத்தவோ பிள்ளையின் படிப்புக்கோ சிறுகச் சிறுகச் சேமிக்க விரும்பும் ஒருவரை இந்த விதி வறுமையிலேயே கட்டி வைத்திருக்கிறது.

இரு திட்டங்களிலும் பெரியோருக்கான வரைவிலக்கணம் ஒன்றே. வைத்திய ரீதியாக நிரூபிக்கத்தக்க நோயோ குறைபாடோ இருக்க வேண்டும். அது குறைந்தது 12 மாதங்கள் நீடிக்க வேண்டும், அல்லது மரணத்தில் முடியக்கூடியதாக இருக்க வேண்டும். அதன் காரணமாக நாட்டில் கணிசமான அளவில் உள்ள எந்த வேலையையும் செய்து குறிப்பிட்ட தொகையை உழைக்க முடியாதிருக்க வேண்டும். பார்வையிழந்தோர் அல்லாதவர்களுக்கு 2025இல் அத்தொகை மாதம் 1,620 டொலர். பகுதியளவான வலுவிழப்புக்கு இங்கே எதுவுமில்லை. முதுகெலும்பு பாதிக்கப்பட்ட சுரங்கத் தொழிலாளி தன்னால் சுரங்கத்துக்குள் இறங்க முடியாது என்று காட்டினால் மட்டும் போதாது. உட்கார்ந்திருந்து செய்யும் இலேசான வேலையைத்தானும் செய்ய முடியாது என்பது புலப்பட வேண்டும். வயது, கல்வி, முன்செய்த தொழில் ஆகியவையும் கவனத்தில் எடுக்கப்படுகின்றன.

ஐந்து வாசல்கள்

விண்ணப்பம் முதலில் சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் பிரதேச அலுவலகத்துக்குச் செல்கிறது. வைத்தியத் தீர்மானத்தை மாநில அரசின் அலுவலகமொன்று செய்கிறது. அங்கே விண்ணப்பதாரியின் முகத்தை எவரும் பார்ப்பதில்லை, கோப்பைத்தான் பார்க்கிறார்கள். முதற் கட்டத்தில் பத்துப் பேரில் ஆறு பேருக்கு மேல் மறுக்கப்படுவது அண்மைய வருடங்களின் வழமை. மறுக்கப்பட்டவர் 60 நாட்களுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். அதுவும் மறுக்கப்பட்டால் நிர்வாகச் சட்ட நீதிபதியின் முன் விசாரணை. அதற்கு அப்பால் மேன்முறையீட்டுச் சபை. இறுதியில் மத்திய அரசின் மாவட்ட நீதிமன்றம். ஒவ்வொரு வாசலிலும் அதே 60 நாள் தவணை உண்டு. தகுந்த காரணமின்றி அதைத் தவறவிட்டவர் மீண்டும் முதல் வாசலுக்கே திரும்ப நேரிடும்.

2017இல் நீதிபதியின் விசாரணைத் தீர்ப்புக்காகச் சராசரியாக 600 நாட்களுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. பின்னர் அந்தக் காலம் குறைந்தது. ஆனால் முதற் கட்டத் தாமதம் வளர்ந்தது. 2019இல் ஏறக்குறைய நான்கு மாதங்களில் கிடைத்த முதற் தீர்மானம், 2024இல் ஏழு மாதங்களுக்கு மேல் எடுத்தது. 

இந்தக் காத்திருப்பின் விலை என்ன என்பதை அந்நாட்டு அரசின் கணக்காய்வு அலுவலகமே 2020இல் வெளியிட்டது. 2008 முதல் 2019 வரையான நிதியாண்டுகளில் மேன்முறையீடு செய்தவர்களில் ஏறக்குறைய 110,000 பேர் இறுதித் தீர்மானம் கிடைக்குமுன் இறந்துபோயினர். 2014 முதல் 2019 வரை மேன்முறையீடு செய்தவர்களில் 48,000 பேர் அளவில் கடனிறுக்க வகையற்று நீதிமன்றத்தை நாடினர். இறந்தவர்கள் எல்லோரும் தாமதத்தால் இறந்தார்கள் என்று கொள்ள முடியாது, அவர்கள் நோயாளிகள். ஆனால் தமக்கு உரியது உண்டா இல்லையா என்ற பதில்கூடக் கிடைக்காமல் அவர்கள் போய்ச் சேர்ந்தார்கள் என்பது மறுக்க முடியாதது.

பிரதிநிதி என்பவர் யார்?

இந்த ஐந்து வாசல்களிலும் விண்ணப்பதாரியுடன் கூட நடப்பவரே பிரதிநிதி. வைத்தியசாலைக் குறிப்புகளைத் தேடி எடுப்பது, வைத்தியரிடம் நோயின் பெயரை மட்டுமன்றி நோயாளி எத்தனை நிமிடம் நிற்க முடியும், எவ்வளவு பாரம் தூக்க முடியும், மாதத்தில் எத்தனை நாள் படுக்கையில் கிடப்பார் என்பவற்றை எழுதி வாங்குவது, தவணை தவறாது மேன்முறையீடு செய்வது, விசாரணையில் சாட்சியை ஒழுங்காகச் சொல்ல வைப்பது ஆகியன இவரது வேலை. நீதிபதியின் முன் நடக்கும் விசாரணையில் அரசின் பக்கத்தில் வாதாட எவரும் இருப்பதில்லை. எனினும் தொழில் நிபுணர் ஒருவர் அழைக்கப்படுவார். 'இன்னின்ன குறையுள்ள ஒருவர் செய்யக்கூடிய வேலை உண்டா?' என்று நீதிபதி கேட்க, வேலைகளின் பெயர்களையும் எண்ணிக்கைகளையும் அவர் அடுக்குவார். அவற்றுக்கு மறுகேள்வி கேட்கத் தெரிந்தவர் அந்த அறையில் இல்லாவிட்டால் வழக்கு அங்கேயே முடிந்துவிடும்.

கணக்காய்வு அலுவலகம் 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, பிரதிநிதி உள்ளவர்களுக்குக் கொடுப்பனவு அனுமதிக்கப்பட்ட வீதம் இல்லாதவர்களுடையதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. அதே ஆய்வு இன்னொன்றையும் கூறியது: சாதாரணமான ஒரு வழக்கை வெவ்வேறு நீதிபதிகள் விசாரித்தால் அனுமதி வீதம் 46 சதவீதப் புள்ளிகள் வரை வேறுபடக்கூடும்.

பிரதிநிதி சட்டத்தரணியாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. முன்னாள் சமூக சேவையாளர், ஓய்வுபெற்ற அலுவலர், தாதி ஆகியோரும் இதைச் செய்யலாம். கட்டணத்துக்குச் சட்டம் வரம்பு விதித்திருக்கிறது. வழக்கமான உடன்படிக்கை முறையில் வழக்கு வென்றால் மட்டுமே கட்டணம் உண்டு. நிலுவைத் தொகையில் நாலில் ஒரு பங்கு, அல்லது நிர்ணயிக்கப்பட்ட உச்சத்தொகை, இவற்றில் எது குறைவோ அதுவே கட்டணம். 1990இல் இந்த முறை சட்டமானபோது உச்சம் 4,000 டொலர்; 2024 நவம்பர் 30இல் அது 9,200 ஆக்கப்பட்டது. உதாரணமாக, 20,000 டொலர் நிலுவை கிடைத்தால் கட்டணம் 5,000. 50,000 கிடைத்தால் நாலில் ஒரு பங்கு 12,500. ஆனால் 9,200க்கு மேல் எடுக்க முடியாது. நிர்வாகத்தின் அனுமதியின்றி வாங்குவது குற்றமாகும்.

இந்த ஏற்பாட்டால் கையில் சல்லிக்காசு இல்லாதவருக்கும் பிரதிநிதி கிடைக்கிறார். ஆயினும் இதில் ஒரு முரண்பாடு உள்ளது. கட்டணம் நிலுவையில் ஒரு பங்கு. நிலுவையோ வழக்கு இழுபட இழுபட ஏறுவது. ஏழையின் காத்திருப்பே பிரதிநிதியின் வருமானமாகிவிடும் ஆபத்து அமைப்பிலேயே இருக்கிறது. உச்சத்தொகை அதற்கு ஓர் அணை. தொழில் ஒழுக்கம் மற்றோர் அணை. சங்கங்களின் தேவை இங்கேதான் எழுகிறது.

சங்கங்கள் தோன்றிய விதம்

சமூகப் பாதுகாப்புக் கோரிக்கையாளர் பிரதிநிதிகளின் தேசிய அமைப்பு 1979இல் நிறுவப்பட்டது. அது நிறுவப்பட்டுச் சில காலத்திலேயே பெரும் சோதனை வந்தது. 1980இல் இயற்றப்பட்ட சட்டமொன்றைக் காட்டி, 1981 முதல் றீகன் அரசாங்கம் கொடுப்பனவு பெற்று வந்தோரின் கோப்புகளை வேகமாக மறுபரிசீலனை செய்யத் தொடங்கியது. 1984 வரை ஐந்து இலட்சத்துக்குக் கிட்டியோருக்குக் கொடுப்பனவு முடிவுறுவதாக அறிவித்தல் போனது. அவர்களில் ஏறக்குறைய இரண்டு இலட்சம் பேர் மேன்முறையீட்டில் அதை மீளப் பெற்றனர். 

வியட்னாம் போரில் காயமடைந்து, 1981இல் றீகனின் கையாலேயே நாட்டின் அதியுயர் வீரப் பதக்கத்தைப் பெற்ற ரோய் பெனவிடெஸ் என்ற படைவீரருக்கும் அந்த அறிவித்தல் போனது. இதயத்தில் உலோகத் துண்டுகளைச் சுமந்திருந்த அவர் வேலை செய்யக்கூடியவர் என்று கோப்பு சொல்லிற்று. 1983இல் அவர் கொங்கிரஸ் குழுவின் முன் தோன்றிச் சாட்சியம் அளித்தார். நாடெங்கும் பிரதிநிதிகளும் சட்ட உதவி நிலையங்களும் வழக்குகளைக் கொண்டு நடத்தின. பல மாநிலங்கள் இந்த மறுபரிசீலனைக்கு ஒத்துழைக்க மறுத்தன. 1984இல் இரு சபைகளிலும் எதிர்வாக்கு ஒன்றுமின்றிச் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறியது. நோய் குணமடைந்துள்ளது என்பதற்குச் சான்றின்றி, சில விதிவிலக்குகள் தவிர, ஒருவரது கொடுப்பனவை நிறுத்த முடியாது என்பது அதன் மையக் கருத்து.

சட்டத்தரணியல்லாத பிரதிநிதிகளை முதன்மையாகக் கொண்ட வலுவிழப்புப் பிரதிநிதிகளின் தேசியச் சங்கம் பின்னர் தோன்றியது. நிலுவையிலிருந்து கட்டணத்தை நிர்வாகமே பிடித்து நேரடியாகக் கொடுக்கும் வசதி நெடுங்காலம் சட்டத்தரணிகளுக்கு மட்டுமே இருந்தது. 2004இல் ஒரு பரீட்சார்த்தமாக இது மற்றையோருக்கும் திறக்கப்பட்டு, 2010இல் நிரந்தரமாக்கப்பட்டது. அதற்கு நிபந்தனைகள் உண்டு: பட்டம் அல்லது அதற்கு ஈடான அனுபவம், எழுத்துப் பரீட்சை, பின்னணி விசாரணை, தொழிற் காப்புறுதி, தொடர்கல்வி. இவற்றில் கடைசியானதே வருடாந்த மாநாட்டுக்கு உயிர் கொடுப்பது.

மாநாட்டில் என்ன நடக்கிறது?

மாநாடு ஒரு நகரத்திலேயே நிலைத்திருப்பதில்லை. இடம் மாறி மாறிச் சில நாட்கள் நடைபெறுகிறது. தனியாக ஒரு சிறு நகரத்தில் ஒற்றை அறை அலுவலகம் நடத்துபவரும், பெரிய நிறுவனத்தில் வேலை செய்பவரும் ஒரே வகுப்பில் உட்காருகின்றனர். புதிய விதிகள் என்ன, அவற்றை எப்படிக் கையாள்வது என்பதே பெரும்பாலான அமர்வுகளின் பொருள். நிர்வாகத்தின் அதிகாரிகள் அழைக்கப்பட்டு வந்து விளக்கமளிப்பதும், கேள்விகளை நேருக்கு நேர் எதிர்கொள்வதும் வழக்கம். மனநோய், நீடித்த வலி, நரம்பு நோய்கள் பற்றிப் பேச வைத்தியர்கள் வருவர். தொழில் ஒழுக்கம் பற்றிய அமர்வு தவறாது இடம்பெறும்.

பேசுவதற்குப் பொருள் குறைவில்லை. 2017 மார்ச் 27 முதல் செய்யப்பட்ட விண்ணப்பங்களில், நோயாளியை நீண்டகாலம் பார்த்துவந்த வைத்தியரின் கருத்துக்கு முன்னர் இருந்த விசேட மதிப்பு நீக்கப்பட்டது. அதே வருடம், விசாரணைக்கு ஐந்து வேலை நாட்களுக்கு முன் சான்றுகளைச் சமர்ப்பிக்கவோ அறிவிக்கவோ வேண்டுமென்ற விதியும் வந்தது. 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினால் அலுவலகக் கதவுகள் மூடப்பட்டு, விசாரணை தொலைபேசிக்கு மாறியது. தூரக் கிராமத்தவருக்கு இது பயணச் செலவை மிச்சப்படுத்தியது. ஆனால் நடுங்கும் கையையும், கதிரையில் இருக்க முடியாமல் எழுந்து நிற்கும் வேதனையையும் தொலைபேசியில் நீதிபதி காண முடியாது.

தொழிற் பெயர்கள் பற்றிய நீண்ட போராட்டமும் குறிப்பிடத்தக்கது. எந்தெந்த வேலைகள் உள்ளன என்று தீர்மானிக்கப் பயன்பட்ட அரசாங்கத் தொழில் அகராதி 1991இன் பின் திருத்தப்படவில்லை. கொட்டைகளைத் தரம்பிரிப்பவர் போன்ற, இன்று காண்பதற்கரிய வேலைகளைக் காட்டி, 'இதை நீர் செய்யலாம்' என்று ஏழைகளின் விண்ணப்பங்கள் தள்ளப்பட்டன. நிபுணர் தமது எண்ணிக்கைகளுக்கு ஆதாரத்தைக் காட்ட மறுத்தால் என்ன செய்வது என்ற கேள்வி, கட்டட வேலையாள் ஒருவரின் வழக்கில் உயர் நீதிமன்றம் வரை சென்றது. ஆதாரம் காட்டாமை ஒன்றினாலேயே அச்சாட்சியம் பயனற்றதாகிவிடாது என்று 2019இல் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பாயிற்று. வழக்கில் தோற்ற விடயம் வேறு வழியாக ஓரளவு வென்றது. 2024 ஜூனில், வழக்கொழிந்த 114 தொழில்களைக் காட்டி வழமையாக மறுப்பதற்கு நிர்வாகமே தடைபோட்டது. முன்செய்த வேலைகளைக் கணக்கெடுக்கும் காலமும் 15 வருடங்களிலிருந்து ஐந்தாகக் குறைக்கப்பட்டது. ஆயிரம் தனி வழக்குகளில் கண்ட ஒரே அநியாயத்தை ஒன்றாகத் தொகுத்துச் சொல்ல ஒரு கூட்டம் இருந்தால்தான் விதி மாறும் என்பதற்கு இது சான்று.

மலைநாட்டுக் கிராமங்களின் துயரம்

பிரதிநிதி வழிதவறினால் நேரும் கேடு எவ்வளவென்பதைக் கென்டக்கி மாநிலத்தின் கிழக்கு மலைப்பகுதி காட்டியது. நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டு வேலையற்றிருந்த அப்பகுதியில், எரிக் கொன் என்ற சட்டத்தரணி பெரும் விளம்பரங்களோடு ஆயிரக்கணக்கான வழக்குகளை நடத்தினார். முன்கூட்டியே நிரப்பிய படிவங்களில் வைத்தியர்கள் ஒப்பமிட்டனர். ஒரு நிர்வாகச் சட்ட நீதிபதி இவரது வழக்குகளைத் தாமே எடுத்து, இலஞ்சம் பெற்று, வேண்டியபடி தீர்ப்பளித்தார். அதே அலுவலகத்தில் வேலை செய்த இரு பெண் ஊழியர்கள், பழிவாங்கலுக்கு உள்ளாகியும், இதனை வெளிக்கொணர்ந்தனர். கொன் 2017இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, தப்பியோடி, அவ்வருட இறுதியில் ஹொண்டூராஸில் பிடிபட்டார்.

ஆனால் அதற்கு முன்பே தண்டனை அனுபவித்தவர்கள் அவரது கட்சிக்காரர்களாகிய ஏழைகள். 2015இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கடிதம் போயிற்று: அவர்களது கோப்பில் இருந்த குறிப்பிட்ட வைத்தியச் சான்றுகள் புறக்கணிக்கப்படும், தகுதியைப் புதிதாக நிரூபிக்க வேண்டும். எட்டுப் பத்து வருடங்களுக்கு முந்திய வைத்தியக் குறிப்புகளைத் தேடி நோயாளிகள் அலைந்தனர். உண்மையான நோயாளி யார், மோசடிச் சான்று எது என்று பிரித்தறிய அவர்களுக்கு வாய்ப்பளிக்கப்படவில்லை. சட்ட உதவி நிலையத்தினரும் தூர இடங்களின் சட்டத்தரணிகளும் கட்டணமின்றி அவர்களுக்காக முன்வந்தனர். தமது சான்று மோசடியானதல்ல என்று காட்டச் சந்தர்ப்பம் கொடாமல் அதை ஒதுக்கியது அரசியலமைப்புக்கு முரண் என்று 2018இல் மத்திய மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. ஒரே தொழிலைச் சேர்ந்த ஒருவர் செய்த கேட்டுக்கு அத்தொழிலைச் சேர்ந்த மற்றையோரே பரிகாரம் தேட நேர்ந்தது.

நாம் கொள்ளத் தக்கவை

எமது நாட்டில் வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் இயற்றப்பட்டது. ஐக்கிய நாடுகளின் சமவாயம் 2016இல் ஏற்றுறுதி செய்யப்பட்டது. தகவலறியும் உரிமைச் சட்டமும் அதே வருடம் வந்தது. கொடுப்பனவின் அளவும் ஒழுங்குகளும் அமெரிக்காவினதைப் போன்றவையல்ல. அவர்களது கட்டணத் தொழிலை இங்கே கொண்டுவர வேண்டும் என்பதும் எமது கருத்தல்ல. ஆயினும் அவர்களது அனுபவம் சில எளிய பழக்கங்களைக் கற்பிக்கின்றது.

கொடுத்த படிவத்தின் பிரதி ஒன்றை வீட்டில் வைத்திருத்தல். கொடுத்த திகதியையும் வாங்கியவரின் பதவியையும் குறித்தல். மறுப்புக்குக் காரணத்தை எழுத்தில் கேட்டல். நோயின் பெயரோடு நிறுத்திவிடாமல், நோயாளி அன்றாடம் செய்ய முடியாதவற்றை வைத்தியரிடம் எடுத்துச் சொல்லுதல். பங்கிலோ கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ எழுத வாசிக்கத் தெரிந்த இருவர் இவற்றைப் பழகிக்கொண்டால், அயலில் உள்ள பல குடும்பங்களுக்கு அது உதவும். அப்படிப் பழகியவர்கள் வருடத்தில் ஒருமுறையாவது பிரதேச மட்டத்தில் கூடி, எந்த விண்ணப்பம் எதற்காகத் திரும்பியது என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்களாயின், ஒரு வீட்டின் குறையென எண்ணியது பல வீடுகளின் குறையென்று தெரியவரும். பல வீடுகளின் குறையை அலுவலகத்தில் பேசுவது இலகு.

உதவுபவர் மறக்கக்கூடாத ஒன்றும் உண்டு. கோப்பு விண்ணப்பதாரியினுடையது. அவருக்குத் தெரியாமல் அதில் எதுவும் எழுதப்படக்கூடாது. உள்ளதைக் கூட்டியும் சொல்லக்கூடாது. கூட்டிச் சொன்னதற்கான விலையைக் கடைசியில் அந்த ஏழையே கட்ட வேண்டியிருக்கும் என்பதைக் கென்டக்கி மலைக் கிராமத்தவர்கள் அறிவார்கள்.

யோவான் நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில் 38 வருடங்களாக நோயுற்றுக் குளக்கரையில் கிடந்த மனிதனைக் காண்கிறோம். அவன் தனது நோயைப் பற்றி முறையிடவில்லை. தண்ணீர் கலங்கும் வேளையில் தன்னை இறக்கிவிட ஆளில்லை என்றும், தான் போவதற்குள் வேறொருவன் முந்திவிடுகிறான் என்றுமே அவன் முறையிட்டான். குளம் எல்லோருக்கும் பொதுவாகத்தான் இருந்தது. எமது கிராமங்களில் அவ்வாறு கரையில் கிடப்பவர்கள் யார் என்பதை அறிந்து, அடுத்த தவணைக்கு முன் அவர்களிடம் போவது எம்மால் இயலக்கூடிய பணியே.